திருப்பூரில் மூன்று மாத க்யூ.சி. (தரப் பரிசோதனை) வகுப்பு: சேரலாமா?

உள்ளூர் பனியன் சந்தையான காதர்பேட்டைக்குப் பீஸ் போடும் யூனிட்டில் செக்கிங் என்றால் பிசிர் வெட்டி, ஓட்டையும் கறையும் பார்த்து ஒதுக்குவதுதான். அதே யூனிட் எக்ஸ்போர்ட் ஆர்டர் எடுத்தால் வேறு ஆள் வேண்டும்: பையர் தரும் விவரத் தாளான டெக் பேக்கைப் படித்து, அளவு, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது), கலர் ஷேடு பார்த்து ரிப்போர்ட் எழுதத் தெரிந்த க்யூ.சி. இந்த வகுப்பு அந்த வேலைக்கானது.

ஏ.க்யூ.எல். பாடம் அருமை; லாட்டில் எத்தனை பீஸ் எடுத்துப் பார்ப்பது, எத்தனை குறை வரை விடலாம் என்று சொல்லும் கணக்கு இது. 2,000 பீஸ் லாட், லெவல் 2 (வழக்கமான சோதனை அளவு), ஏ.க்யூ.எல். 2.5 என்றால் 125 பீஸ் எடுக்க வேண்டும். குறை 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். மேல் பெட்டியிலேயே 125-ஐயும் எடுக்காமல் சைஸ், கலர் கலந்து எடுக்கப் பழக்குகிறார்கள். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பாடமும் சுத்தம்: ரவுண்ட் கட்டரில் வெட்டிய 100 சதுர செ.மீ. துணி 1.80 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம். ஈரம் இருந்தால் எடை கூடிக் காட்டும் என்பதையும் விடவில்லை.

அளவெடுப்பில் பாதிக் கிணறுதான். சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். தகராறே இழுபடும் ரிப், லைக்ரா துணிகளில்தான்; டேபிளில் விரிக்கும்போது கை லேசாக இழுத்தாலும் செஸ்ட் அளவு கூடிவிடும்.

பெரிய குறை, பவர் டேபிள் (தையல் மெஷின் லைன்) பக்கமே விடாதது. பாட்டம் ஹெம்மில் ஸ்கிப் ஸ்டிட்ச் (தையல் விட்டுப்போவது) விழுந்தால் ஊசி வளைந்ததா, கீழ் நூலைக் கோக்கும் லூப்பரின் டைமிங் தவறியதா என்று லைனிலேயே பார்க்கத் தெரிய வேண்டும். தையல் ஓரம் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தால், பால் பாயின்ட் (முனை உருண்ட ஊசி) இருக்க வேண்டிய இடத்தில் கூர் ஊசி மாட்டியிருக்கலாம், அல்லது 9-ம் நம்பர் போதுமான துணிக்கு 11 போட்டிருக்கலாம். இருபதாவது பீஸில் பிடித்தால் ஊசி மாற்றுவதோடு போச்சு. ஃபைனலில் பிடித்தால் பெட்டி முழுக்கப் பிரித்து மறு செக்கிங். கப்பல் தவறினால் ஏர் செலவு கம்பெனி தலையில். எக்ஸ்போர்ட் கம்பெனி கூடுதல் சம்பளம் கொடுப்பது இந்த இருபதாவது பீஸுக்காகத்தான்.

வருடக்கணக்கில் ஷிப்ட் சம்பளத்தில் செக்கிங்கில் நிற்கும் பெண்கள் தாராளமாகச் சேரலாம். குறையைப் பிடிக்கும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஆங்கில ரிப்போர்ட்தான் தடை, அதை இங்கே பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். புதிதாக வருபவர்கள் முதலில் ஒரு மாதமாவது தையல் லைனில் கைமடியாக (டெய்லருக்கு உதவியாளாக) நின்றுவிட்டு வருவது நல்லது.

பணம் கட்டும் முன், ஷேடு ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை வெளிச்சம்) இரண்டும் எரிய வேண்டும். வெறும் ட்யூப் லைட்டில் ஷேடு பார்க்கப் பழகினால் பையரிடம் எடுபடாது.