பள்ளித் திடலில் பான்ஃபயர் இரவு: குழந்தைகளுடன் செல்லத்தக்க விழா

1605ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறையில் 36 வெடிமருந்துப் பீப்பாய்களுடன், அக்கட்டடத்தைத் தகர்க்கச் சதிசெய்த கை ஃபாக்ஸ் (Guy Fawkes) என்பவர் பிடிபட்டதை நினைவுகூர்ந்து, விறகடுக்கிப் பெருந்தீ மூட்டியும் வாணவேடிக்கை நடத்தியும் கொண்டாடும் பான்ஃபயர் இரவை, இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எங்கள் பகுதித் தொடக்கப்பள்ளியின் பெற்றோர் சங்கம் இவ்வாண்டும் பள்ளித் திடலில் நடத்தியது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இவ்விழாவை மனமுவந்து பரிந்துரைக்கிறேன்.

முதற்காரணம், ஒலி குறைந்த வாணவேடிக்கை. பேரோசை எழுப்பும் வெடிகளைத் தவிர்த்து, வண்ணத்துக்கு முதன்மை தரும் வாணங்களையே தேர்ந்திருந்ததால், வழக்கமாகக் காதைப் பொத்திக்கொண்டு அழும் என் இளைய மகள் இம்முறை இறுதிவரை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தாள். விறகுக் குவியலுக்குள் முள்ளெலிகள் ஒடுங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை அன்றே அடுக்கி, பற்றவைக்குமுன் டார்ச் அடித்துச் சோதித்தார்கள். வீட்டுத் தோட்டங்களில் தீ மூட்டுவோரும் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் கம்பி மத்தாப்பு தரவில்லை. மற்றப் பிள்ளைகள் கையுறை அணிந்தே கொளுத்தினர். எரிந்து முடிந்தும் சூடு தணியாத கம்பிகளைப் போட ஆங்காங்கே தண்ணீர் வாளிகள் இருந்தன.

இஞ்சியும் ஓட்ஸும் கரும்புப்பாகும் சேர்த்துச் செய்யும் பார்க்கின் கேக் மிகச் சுவையாக இருந்தது. சுட்ட உருளைக்கிழங்குக்கோ ஒரே கவுன்டர்தான். நெடுநேரம் வரிசையில் நின்று வாங்கியபோது அது ஆறிப்போயிருந்தது. ஈரப் புல்தரையில் குழந்தை வண்டியைத் தள்ளுவது மிகக் கடினம் என்பதால், அடுத்த ஆண்டு பலகைப் பாதை அமைக்க வேண்டும். செல்வோர் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் அணிந்து செல்வது நல்லது.