தினசரி காருக்கு லோயரிங் ஸ்பிரிங்: 25 மி.மீ. போதுமா, 40 வேண்டுமா?

ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கியவரின் கண்ணை முதலில் உறுத்துவது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளிதான். அதைக் குறைக்கத்தான் பெரும்பாலோர் லோயரிங் ஸ்பிரிங், அதாவது காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், தேடுகிறார்கள். எனக்கும் ஆசை அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் தினமும் ஓட்டுகிற காருக்கு, எத்தனை மி.மீ. இறங்கும் என்பதைவிட, இறங்கிய பிறகு சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதுதான் முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் கடைசியில் தடுக்கும் கட்டைதான் பம்ப் ஸ்டாப். கார் நிற்கும் நிலையிலிருந்து அதைத் தொடும்வரை 50 மி.மீ. இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. தாழ்த்தினால் பாதிதான் மிச்சம். ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அதே குழியின் அடியைப் பாதி தூரத்துக்குள் சமாளிக்க ஸ்பிரிங் 4 மடங்கு கடினமாக இருக்க வேண்டும். அப்படியொரு ஸ்பிரிங்கைப் போட்டுத் தினமும் ஓட்ட முடியாது. ஆக, மிச்ச அடி பம்ப் ஸ்டாப்புக்குப் போகிறது. தாழ்த்திய கார் "தூக்கிப் போடுகிறது" என்று சொல்பவர்கள் பல நேரம் உணர்வது ஸ்பிரிங்கை அல்ல, இந்த பம்ப் ஸ்டாப்பைத்தான்.

இப்போது கடையில் கிடைப்பவற்றுக்கு வருவோம். ஐபாக் நிறுவனத்திலேயே இரண்டு வகை உண்டு. புரோ-கிட் மிதமாக இறக்கும், பல கார்களில் 25 முதல் 30 மி.மீ. வரை. ஸ்போர்ட்லைன் அதைவிட நன்றாகவே இறக்கும். இன்னொரு நிறுவனமான எச் அண்டு ஆரின் ஸ்போர்ட் பொதுவாக புரோ-கிட்டைவிடச் சற்றுத் தாழ்வு, சற்று இறுக்கம். காருக்குக் கார் எண்கள் மாறும் என்பதால் உங்கள் மாடலுக்கான அட்டவணையைப் பார்த்துதான் முடிவெடுக்க வேண்டும். முன்னும் பின்னும் எவ்வளவு இறங்குகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். பின்பக்கம் அதிகம் இறங்கினால், பின் சீட்டில் ஆள் ஏறியதும் கார் குந்திவிடும்.

நான் முதலில் போட்டது 40 மி.மீ.க்கு மேல் இறக்கும் செட். பார்க்க அவ்வளவு அழகு! தனியாக ஓட்டியவரை குறை ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடை ஏறிய அன்றுதான் அடியிலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம் முதுகுத்தண்டுவரை வந்தது. அப்புறம் பின் டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவினேன். வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருக்க, உள்ளே வழவழவென்று தேய்ந்திருந்தது. கார் தாழும்போது கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். கேம்பரைவிட டோதான் டயரைச் சீக்கிரம் தின்னும்.

லீனியரா, புரோகிரசிவா என்ற விவாதமும் உண்டு. லீனியர் எவ்வளவு அமுங்கினாலும் ஒரே கடினத்தில் இருக்கும். புரோகிரசிவில் சில சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். முதலில் இளகி, அமுங்க அமுங்க இறுகும். சொல்லும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் பல செட்டுகளில் கார் தரையில் நிற்கும்போதே அந்த நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. அதற்கப்புறம் அது ஏறக்குறைய லீனியர்தான். போட்டிருப்பவர் காரில் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கம்பெனி ஷாக் நல்ல நிலையில் இருந்தால் மிதமான ஸ்பிரிங்கைத் தாங்கும். 40 மி.மீ. வேண்டுமென்றால், தாழ்த்திய காருக்கென்றே நீளம் குறைத்துச் செய்த ஷாக்கையும் சேர்த்து வாங்குங்கள். பில்ஸ்டைன் நிறுவனத்தின் ஷாக்குகளில் பி8 அப்படிப்பட்டது. பி6 வழக்கமான உயரத்துக்கானது. இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டுவது இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. வெட்டிய ஸ்பிரிங் அதைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராமல் கழன்று வரலாம்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஷாக்கின் தண்டில், உடல் தொடங்கும் இடத்தை ஒட்டி ஒரு கேபிள் டை கட்டுங்கள். ஒரு வாரம் வழக்கமான பாதையில், வழக்கமான ஆட்களோடு ஓட்டுங்கள். ஷாக் அமுங்கும்போது டை தண்டில் மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே மிஞ்சியிருப்பதுதான் நீங்கள் தாழ்த்தச் செலவழிக்கக்கூடிய இடம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் எந்தச் செட்டும் உங்களுக்குச் சரிப்படாது.

பொருத்தும்போது, சக்கரத்தைக் காரோடு இணைக்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் உட்கார்ந்ததும் வீல் அலைன்மென்ட், கூடவே ஹெட்லைட் மட்டம்.

கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு தினமும் ஓட்டுபவருக்கு நான் சொல்வது புரோ-கிட் வகைதான். இப்போது என் காரில் இருப்பதும் அப்படி மிதமாக இறக்கும் செட். டயருக்கு மேலே இன்னும் இரண்டு விரல் போகும். நிறுத்திவிட்டு நடக்கும்போது சில நாள் திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கலாமோ என்று தோன்றும். மறுநாள் வீட்டார் எல்லோரும் ஏறி அதே வேகத்தடையைத் தாண்டும்போது அந்த "டொக்" வருவதில்லை.