சங்கப் பாட்டு கத்துக்க எது தேவல: யூட்யூபா, டிப்ளமோவா, ஞாயித்துக்கெழம வட்டமா?

ரெண்டு வருஷம் முன்னாடி திடீர்னு ஒரு ஆசை, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு அப்படியே மறந்துபோன புறநானூத்த ஒருதடவயாவது புரிஞ்சு படிச்சுடணும்னு. நான் பாக்கறது கணக்கு எழுதற வேல, தமிழ் ப்ளஸ் டூவோட சரி. முதல்ல ஒரு வருஷம் யூட்யூப்ல ஓடுச்சு, நடுவுல டிப்ளமோல சேரலாமான்னு ஃபாரம் வரைக்கும் வாங்கி வெச்சேன், கடைசில எங்க ஊர் கிளை நூலகத்துல ஞாயித்துக்கெழம நடக்கற வாசிப்பு வட்டத்துல போய் உக்காந்தவன்தான், இன்னும் எந்திரிக்கல. அதனால இது நடுநிலையான அலசல்னு நெனச்சு படிக்காதீங்க.

காசு பத்தி ரெண்டு வரி போதும். யூட்யூப் சும்மா, வட்டமும் சும்மா (டீ மட்டும் ஆளுக்கு ஒரு வாரம்), டிப்ளமோவுக்குத்தான் ஃபீஸ். புத்தகம் வாங்கியே ஆகணும்னும் இல்ல, மதுரைத் திட்டம்ங்கற இணையதளத்துல 1998லேருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி மூலத்த ஏத்திட்டு வர்றாங்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல உரையும் சேத்தே கெடைக்குது.

யூட்யூப கொற சொல்ல எனக்கு வாய் வராது, ஆசைய கெளப்பி விட்டதே அதுதான். பஸ்ல போகும்போது காதுல மாட்டிக்கலாம், சமையக்கட்டுல வேல செஞ்சுகிட்டே கேக்கலாம். ஆனா நான் கேட்ட பேச்சுல பாதிக்கு மேல கைத்தட்டு வர்ற எடத்துலயே நின்னுடுது. புறநானூறு 192ஆவது பாட்டயே எடுத்துக்கோங்க, கணியன் பூங்குன்றனார் பாடினது, மொத்தம் 13 வரி. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" தெரியாத ஆள் கெடையாது, 2019ல ஐநா சபையில பிரதமரே சொன்ன வரி அது. அடுத்த வரி "தீதும் நன்றும் பிறர்தர வாரா", இதுவும் பலருக்குத் தெரியும். மீதி 11 வரி என்னாச்சுன்னு எனக்கு ஒரு வருஷமா தோணவே இல்ல, கேட்டுகிட்டே இருந்தேன், தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு.

இதுலதான் நான் வட்டம் பக்கம் சாயறேன். நீங்க தப்பா புரிஞ்சுகிட்டா நிறுத்தறதுக்கு ஆள் இருக்கா? எனக்கு மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

எங்க வட்டத்துல மொற வெச்சு ஒவ்வொருத்தரா வாசிச்சு அர்த்தம் சொல்லணும். என் மொற வந்தப்ப இதே பாட்டு. "முனிவின் இன்னாது என்றலும் இலமே"ன்னு ஒரு எடம் வரும், நான் ரொம்ப தைரியமா "முனிவர் மாதிரி உக்காந்துகிட்டு ஒலகமே துன்பம்னு சொல்ல மாட்டோம்கறாரு"ன்னு சொன்னேன். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் வருவாரு, அய்யான்னுதான் கூப்புடுவோம், அவரு கண்ணாடிய கழட்டிட்டு "தம்பி, இங்க முனிவர் யாரும் வரலயே, முனிவுன்னா வெறுப்பு"ன்னாரு. வாழறது இனிமைன்னு துள்ளவும் மாட்டோம், வெறுத்துப்போய் இது கொடுமைன்னு சொல்லவும் மாட்டோம், அவ்வளவுதான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா அந்த முனிவர நான் எத்தன மாசமா மண்டைக்குள்ள வெச்சுகிட்டு இருந்திருக்கேன் பாருங்க, வீடியோ எப்படி கண்டுபிடிக்கும்?

அன்னிக்கே இன்னொன்னு நடந்துச்சு. தையக்கட வெச்சிருக்கற அக்கா ஒருத்தங்க, "கடைசில ஆகலின்னு ஒரு வார்த்த வருதே, அது எதுக்கு அய்யா"ன்னு கேட்டாங்க. ஆகலின்னா ஆகையால், இதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். முக்கா மணி நேரம் ஓடுச்சு. மின்னலோட மழ பேஞ்சு, கல்ல மோதி சத்தம் போட்டு ஓடற பெரிய ஆறு, அது இழுக்கற வழியில போற புணை, அதாவது தெப்பம், அது மாதிரி உசுரும் முறை, அதாவது விதி, போற வழியில போகும், இது எங்களுக்கு தெளிவாயிடுச்சு, *ஆகலின்* பெரியவங்கள பாத்து வியக்கவும் மாட்டோம், சின்னவங்கள இகழறத அதவிடவும் செய்ய மாட்டோம். அதாவது கடைசி ரெண்டு வரி நல்லொழுக்க போதன மாதிரி தனியா நிக்கல, தெப்பத்துலேருந்து பொறக்குது. பெரிய ஆளு பெரிய ஆளானதுலயும் தண்ணிக்கு பங்கு இருக்குன்னா என்னத்த வியக்கறது? தத்துவம்னு தனியா புத்தகம் தேட வேண்டியதே இல்லன்னு அன்னிக்கு தோணுச்சு.

உடனே ஒரு காலேஜ் பையன், அப்ப தீதும் நன்றும் பிறர் தர்றதில்லன்னு மேல சொன்னது என்னாச்சு, ஆறு தர்றதா நாமளே தேடிக்கறதான்னு மடக்கினான். ஒருத்தரு இது ஆசீவகம், அதாவது எல்லாம் விதிப்படிதான் நடக்கும்னு சொன்ன பழைய மதம்னாரு, அய்யா அது ஒரு கருத்து, அவசரப்படாதீங்கன்னாரு. முடிவே வரல. வீட்டுக்கு வந்து ராத்திரி உட்காந்து உரை படிச்சேன், யாரும் படிக்கச் சொல்லாமலே.

டிப்ளமோ பத்தி நான் அளவாத்தான் பேச முடியும், சேரல. என் அத்த பொண்ணு தபால்ல படிச்சா. திணை, துறை, தொல்காப்பியம்னு வரிசையா அடிப்படைலேருந்து வந்துச்சு, அது எங்க வட்டத்துல கெடைக்காது, இலக்கணத்துல நாங்க எல்லாம் ஓட்டதான்னு அவ சொல்றது நெசம். ஆனா பரீட்ச நெருங்கினதும் நோட்ஸ்லதான் விழுந்தேன்னும் அவளே சொன்னா. சர்டிஃபிகேட் தேவைன்னா யோசிக்காம அதுக்கே போங்க.

வட்டத்துலயும் தலவலி உண்டு. ஆரம்பத்துல 14 பேர், இப்ப 6. எந்தப் பாட்ட எடுத்தாலும் கட்சிச் சண்டையில கொண்டுபோய் விடற ஒருத்தரால நாலு ஞாயிறு வீணாச்சு. வேகமும் ஆமதான், புறநானூத்து 400 பாட்டுல 40 கூட தாண்டல. அப்புறம் எங்களுக்கு அய்யா கெடைச்சது அதிர்ஷ்டம், அப்படி ஒருத்தர் இல்லாத வட்டம் எப்படி ஓடும்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, அய்யா வராத வாரம் நாங்க கொஞ்சம் தடுமாறத்தான் செய்யறோம். பக்கத்துல வட்டமே இல்லாதவங்க ரெண்டு மூணு பேர் ஃபோன்லயாவது சேந்து, மின்னூலக உரைய தொறந்து வெச்சுகிட்டு வரி வரியா சத்தமா அர்த்தம் சொல்லிப் பாருங்க, யாராவது ஒருத்தர் "இரு இரு"ன்னு சொல்வாங்க.

இப்ப நாங்க குறுந்தொகைக்கு மாறிட்டோம், நாலுலேருந்து எட்டு வரிதானே, சீக்கிரம் ஓடிடும்னு நெனச்சோம். கபிலரோட 25ஆவது பாட்டுல ரெண்டு வாரமா நிக்கறோம். காதலன் தன்ன சேந்த அன்னிக்கு சாட்சிக்கு யாருமே இல்லன்னு காதலி சொல்றா, தெனப் பயிரோட தண்டு மாதிரி காலோட ஒரு குருகு, அதாவது நாரை மாதிரி ஒரு பறவ, மட்டும் ஓடற தண்ணியில ஆரல் மீனு வருதான்னு பாத்துகிட்டு நின்னுச்சாம். மீனயே பாத்துகிட்டு இருந்த குருகு சாட்சிக்கு ஆகுமா ஆகாதாங்கறதுல தையக்கட அக்காவும் அய்யாவும் இன்னும் விட்டுக்கொடுக்கல.