பிரிக்பீல்ட்ஸ் லேப் ஒன்றின் ரத்த ரிப்போர்ட்: வெள்ளையணு வரிகள் தேறுமா?

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய இந்த லேப்பில், பொதுப் பரிசோதனையோடு ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் ஃபுல் பிளட் கவுண்ட்டும் சேர்த்தே தருகிறார்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்வது சர்க்கரைக்கும் கொழுப்புக்கும்தான்; வெள்ளையணு எண்ண அது தேவையில்லை.

ரத்தம் எடுக்கும் கை நல்ல கை. ஊதா மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பி, உடனே எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துகிறார்கள், குலுக்குவதில்லை. உள்ளே இருக்கும் இடிடிஏ, அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம், சரியாகக் கலக்காவிட்டால் ரத்தம் கட்டிதட்டிவிடும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டால் இயந்திரம் அவற்றை வெள்ளையணு என்று எண்ணிவிடுவதும் உண்டு. அப்போது பிளேட்லெட் குறைந்தும் வெள்ளையணு கூடியும் காட்டும், இரண்டுமே பொய்.

ரிப்போர்ட்டில் வெள்ளையணுக்களின் இயல்பான மொத்த அளவு 4.0 முதல் 11.0 வரை, அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000. ஐந்து வகை வெள்ளையணுக்களுக்கும் சதவீதம், எண்ணிக்கை இரண்டும் இருக்கின்றன. இந்த லேப்பைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதும். மொத்தம் 3.0, அதில் லிம்ஃபோசைட் என்ற வகை 60%, நியூட்ரோஃபில் என்ற வகை 30% என்று வைத்துக்கொள்வோம். சதவீதம் மட்டும் அச்சிட்டிருந்தால் லிம்ஃபோசைட் கூடிவிட்டதென்று பயந்துபோவீர்கள். பெருக்கிப் பாருங்கள்: லிம்ஃபோசைட் 1.8, சரியான அளவு. இறங்கியிருப்பது நியூட்ரோஃபில், 0.9, சாதாரணமாக அது 2.0க்கு மேல் இருக்க வேண்டும். டிங்கிக் காய்ச்சலின் ஆரம்ப நாள்களில் பிளேட்லெட் இறங்குவதற்கு முன்பே வெள்ளையணு இறங்குவது வழக்கம் என்பதால், நம் ஊரில் இந்த வரியை அலட்சியம் செய்யக்கூடாது.

இயோசினோஃபில் என்ற இன்னொரு வகை கூடியிருந்தால் ஒவ்வாமை, ஆஸ்துமா, குடற்புழு போன்றவை காரணமாக இருக்கலாம்.

குறை என்றால் அது பதிவுப் படிவத்தில்தான். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், புகைபிடிப்பீர்களா, கர்ப்பமா என்று ஒரு கேள்விகூட இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை நியூட்ரோஃபிலை ஏற்றும். புகைபிடிப்பதும் கர்ப்பமும் வெள்ளையணுக்களின் மொத்த அளவை உயர்த்தும். கேட்காமலே 'கூடுதல்' என்று தடித்த எழுத்தில் குறிப்பது வீண் கலக்கம். இயந்திரம் எச்சரிக்கை காட்டிய ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் யாராவது பார்த்தார்களா என்பதும் அச்சில் இல்லை. கவுண்ட்டரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சளி பிடித்திருக்கும்போது வெள்ளையணு மொத்தம் 12.0 வந்தால், குணமான சில வாரம் கழித்து இதே லேப்பில் மறுபடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நியூட்ரோஃபில் 1.0க்குக் கீழே போய்க் காய்ச்சலும் இருந்தால் மறு டெஸ்ட்டுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.