கட்லாவா, ரோகுவா, மிர்காலா, புல்லு கெண்டையா: குழம்புக்கு எது, வறுவலுக்கு எது?

சேலம், ஈரோடு, தருமபுரின்னு கடல்ல இருந்து தள்ளி இருக்க ஊர்க்காரங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, உயிரோட துள்ளுற மீன கண்ணு முன்னாடி வெட்டி வாங்கிட்டு வரலாம். ஆனா வீட்டுல கேட்டா "டேம் மீனா, மண்ணு வாடை அடிக்கும், முள்ளு வேற"ன்னு சொல்லிட்டு ஐஸ்ல எத்தன நாள் கிடந்துச்சுன்னே தெரியாத கடல் மீனுக்கு ரெண்டு மடங்கு காசு குடுப்பாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம். அந்த ரெண்டு புகாரும் பொய்யில்ல, ஆனா முக்காவாசி நேரம் தப்பான மீன தப்பான சமையலுக்கு போட்டதுனால வர்ற புகார்தான்.

முதல்லயே என் தீர்ப்ப சொல்லிடுறேன். குழம்புக்கு கட்லா, வறுவலுக்கு புல்லு கெண்டை, ஒரே மீன்ல ரெண்டும் பண்ணணும்னா ரோகு. மிர்கால் ருசிக்காக வாங்குறவங்களுக்கு, பொறுமை இருந்தா மட்டும். ஏன்னு கீழ சொல்றேன்.

இதெல்லாமே ஒரே குடும்பம், கெண்டை குடும்பம். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கங்கை பக்கத்து ஆறுகள்ல பேர் போன மீனுங்க. முன்னாடி குஞ்சு வேணும்னா ஆத்துல போய்த்தான் அள்ளணும், ஏன்னா குளத்துல விட்டா வளரும், ஆனா முட்டை போடாது. 1957 ஜூலை 10-ல ஒடிசாவுல அங்குல்ங்கிற ஊர்ல மீன் விஞ்ஞானிங்க ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் மீனோட மூளைக்கு அடியில இருக்க பிட்யூட்டரி சுரப்பியோட சாற ஊசி போட்டு முட்டையிட வச்சாங்க, அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க குஞ்சு கிடைக்க ஆரம்பிச்சுது, ஜூலை 10-ஐ இன்னைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினமா கொண்டாடுறாங்க. புல்லு கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் 1959-ல வெளிநாட்டுல இருந்து வந்தது. இப்ப குளத்துல எல்லாத்தையும் சேத்தே விடுவாங்க, கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் மேல்தண்ணில மேயும், ரோகு நடுவுல, மிர்காலும் சாதா கெண்டையும் அடியில, புல்லு கெண்டை பேருக்கேத்த மாதிரி பாசி, புல்லு, தழை. ஒண்ணுக்கொண்ணு போட்டி இல்ல. ஒரே வலையில எல்லாம் வர்றதால கடையிலயும் ஒரே தொட்டியில கிடக்குது, நம்மளும் எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சு வாங்கிடுறோம்.

முள்ள பத்தி மொதல்ல பேசிடுவோம், ஏன்னா இது புரிஞ்சா பாதி சண்டை முடிஞ்சுது. கெண்டை எல்லாத்துலயும் நடு முள்ளு, விலா முள்ளு தவிர சதைக்குள்ளயே தனியா மிதக்குற மாதிரி மெல்லிசான முள்ளு வரிசை இருக்கும், பாதிக்கு மேல உண்டிவில்லு கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும், தொண்டையில மாட்டுறது இதுதான். இது எங்க இருக்குன்னா முதுகுச் சதையிலயும் வால் பக்கமும். வயித்துப் பக்கம் இருக்கறது விலா முள்ளு மட்டும்தான், அது பெருசு, கையில எடுத்து வச்சுடலாம். வங்காளத்துல இத வச்சுத்தான் துண்டுக்கே பேரு, வயித்துத் துண்டு பேட்டி, முதுகுத் துண்டு காதா, மாப்பிள்ளை வந்தா பேட்டி அவருக்குத்தான் போகும். இன்னொண்ணு, மீன் பெருசானா முள்ளு எண்ணிக்கை கூடாது, இருக்க முள்ளுதான் தடிக்கும், தடிச்சா கண்ணுக்கு தெரியும். அதனால அரை கிலோ கட்லா நாலு வாங்குறதுக்கு பதிலா ரெண்டு கிலோ கட்லா ஒண்ணு வாங்குங்க. ஒரு கிலோவுக்கு கீழ எந்த கெண்டையும் குழந்தைங்க இருக்க வீட்டுக்கு வேண்டாம்ங்கிறது என் கருத்து.

இப்ப கட்லாவா ரோகுவா. அடையாளம் சுலபம், கட்லாவுக்கு உடம்புக்கு பொருந்தாத பெரிய தலை, வாய் மேல பாத்து இருக்கும், ரோகுவுக்கு சின்ன தலை, வாய் கீழ்ப்பக்கமா உதடு சுருக்கம் சுருக்கமா, செதில்ல லேசா செம்பு நிறம். கட்லா சதை பெரிய பெரிய இதழா பிரியும், கொஞ்சம் மிருதுவா இருக்கும், வயித்துலயும் தலையிலயும் கொழுப்பு உண்டு. அந்தக் கொழுப்பு குழம்புல இறங்குறப்ப வர்ற ருசி ரோகுல வராது. அதுவும் கட்லா தலை, அத வெட்டுறவங்ககிட்டயே விட்டுட்டு வந்துடாதீங்க தயவுசெஞ்சு. ரெண்டா பிளந்து, செவுள் மொத்தமும் எடுத்துட்டு, அதுக்கு பின்னாடி தொண்டையில பல்லோட இருக்க எலும்பையும் எடுத்துட்டு, புளியும் சின்ன வெங்காயமும் தூக்கலா போட்ட குழம்புல துண்டுகளுக்கு முன்னாடியே போட்டு கொதிக்க விடணும். வங்காளத்துல இதே தலைய அரிசியோட சேத்து முரி கண்டோன்னு செய்வாங்க, பாசிப்பருப்புல போட்டும் செய்வாங்க, தலைக்காகவே பெரிய கட்லா தேடி வாங்குற ஆளுங்க அவங்க.

ரோகு சதை இறுக்கம், நார் மெல்லிசு, கொழுப்பு கம்மி. குழம்புல நேரம் கொஞ்சம் கூடினாலும் உடையாது, வறுத்தாலும் ஷேப் மாறாது, அதனாலதான் ரெண்டுக்கும் ஒரே மீன்னா இதுன்னு சொன்னேன். புதுசா சமைக்கிறவங்களுக்கும் ரோகுதான் பாதுகாப்பு. வங்காளத்துல கல்யாணத்துக்கு முன்னாடி அனுப்புற சீர்ல ரோகு மீனுக்கு சேலை கட்டி அலங்காரம் பண்ணி அனுப்புற வழக்கம் இருக்கு, அவ்ளோ மரியாதை இந்த மீனுக்கு. ஒடிசாவுல நார்வேகாரங்களோட சேந்து வேகமா வளர்ற ரோகுவ தேர்ந்தெடுத்து உருவாக்கி 1997-ல ஜெயந்தி ரோகுன்னு விட்டாங்க, நம்ம நாட்டுக் கெண்டையில இந்த மாதிரி அக்கறை முதல்ல கிடைச்சது ரோகுவுக்குத்தான்.

ஆனா ரோகுக்கு ஒரு குறை, கொழுப்பு கம்மிங்கிறதால வெறும் புளித்தண்ணி குழம்புல கொஞ்சம் வறண்டு போற மாதிரி இருக்கும். தேங்கா அரைச்சு ஊத்துற குழம்புன்னா அந்த குறை தெரியாது. இல்லன்னா வங்காளிங்க பண்றத பண்ணுங்க, உப்பு மஞ்சள் தடவி கடுகு எண்ணெயில லேசா வறுத்துட்டு அப்புறம் குழம்புல போடுறது, வெளிய ஒரு தோல் மாதிரி கட்டிக்கும், உள்ள ஈரம் நிக்கும். நல்லெண்ணெயிலயும் நல்லா வருது.

மிர்கால் நீளமா, வெள்ளையா, மூக்கு மழுங்கி இருக்கும், விலை பொதுவா மத்த ரெண்ட விட கம்மி. சதையில ஒரு இனிப்பு இருக்கு, மூணுல எனக்கு ருசி இதுதான் அதிகம்னு தோணும், ஆனா முள்ளு மெல்லிசு, அவசரமா சாப்பிடுற ஆபீஸ் நாள்ல வேண்டவே வேண்டாம்.

வறுவலுக்கு வருவோம். மேட்டூர்லயோ பவானிசாகர்லயோ ஒகேனக்கல்லயோ டேம் பக்கத்துல, அருவி பக்கத்துல கடை போட்டு மசாலா தடவி சுடச்சுட வறுத்து குடுக்குற மீன சாப்பிட்டவங்களுக்கு ஆத்து மீன் வறுவல் பத்தி நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல. வீட்டுல அத கொண்டு வர புல்லு கெண்டைதான் சரி. குழாய் மாதிரி நீளமான உடம்பு, பெரிய செதில், வெள்ளை சதை, கெட்டியா இருக்கும், துண்டு போட்டா எல்லாம் ஒரே அளவுல வரும், அதனால ஒரே நேரத்துல வேகும். முள்ளு இதுலயும் உண்டுதான், அதுக்கு ஒரு வேலை இருக்கு. நடு முள்ள நீக்கி தோலோட பக்கச்சதைய எடுத்து, சதைப்பக்கம் இருந்து தோல் அறுபடாம நெருக்க நெருக்கமா, ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளியில கீறிட்டு வரணும், கத்தி முள்ள வெட்டுறப்ப நறுக் நறுக்னு சத்தம் கேக்கும். அப்புறம் மிளகாத்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை, கொஞ்சம் அரிசி மாவு தடவி நல்லா சூடான எண்ணெயில போட்டா துண்டு துண்டான முள்ளு பொரிஞ்சு மொறுமொறுன்னு ஆயிடும், தெரியவே தெரியாது. ஹங்கேரி, செர்பியா பக்கமெல்லாம் கெண்டைய இப்படித்தான் கீறி வறுக்குறாங்க.

சாதா கெண்டை, கடையில காமன் கார்ப்னு சொல்லுவாங்க, வாய் ஓரத்துல மீசை இருக்கும், வயிறு உப்பி குடல் நிறைய போயிடும், அதனால கிலோ கணக்குல பாத்தா லாபமில்ல. நம்ம ஊர்ல இத யாரும் மதிக்கிறதில்ல, ஆனா செக் நாட்டுலயும் போலந்துலயும் கிறிஸ்துமஸ் ராத்திரி சாப்பாடே இதுதான், ரொட்டித்தூள் தடவி வறுத்து உருளைக்கிழங்கு சாலட்டோட, தலையும் சினையும் சூப்புக்கு. செக் நாட்டுல ட்ரெபோன்ங்கிற ஊர சுத்தி நூத்தாண்டு கணக்கா கெண்டைக்குன்னே வெட்டின பெரிய பெரிய ஏரிங்க இருக்கு. அவங்க மீன பிடிச்ச உடனே விக்கிறதில்ல, ஓடுற சுத்தமான தண்ணித் தொட்டியில விட்டு வச்சுட்டுத்தான் விக்கிறாங்க. அதுலதான் விஷயமே இருக்கு.

ஏன்னா மண்ணு வாடை மீன் மண்ணத் தின்னதால வர்றது இல்ல. தண்ணில இருக்க நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாவும் ஜியோஸ்மின்னு ஒண்ண உண்டாக்குது, மழை பெஞ்சதும் மண்ணுல வர்ற வாசனையும் அதுதான், அது செவுள் வழியா உள்ள போய் கொழுப்புல தங்கிடும், சுத்தமான தண்ணில விட்டு வச்சா கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும். அதனால எந்த மீன்ங்கிறத விட எந்த தண்ணிங்கிறதுதான் முக்கியம், பச்சைப் பசேல்னு பாசி பிடிச்ச சின்ன குட்டையில வளந்த கட்லாவ விட பெரிய டேம்ல பிடிச்ச சாதா கெண்டை வாடை கம்மியா இருக்கும். வாங்குறப்ப எந்த ஏரின்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. வீட்டுக்கு வந்ததும் கல் உப்பு போட்டு வழவழப்பு போற வரைக்கும் உரசி, வயித்துக்குள்ள ஒட்டி இருக்க கருப்பு தோலயும் நடு முள்ள ஒட்டின ரத்தத்தையும் சுரண்டிடணும். ஜியோஸ்மினுக்கு புளிப்பு ஆகாது, எலுமிச்சையோ புளித்தண்ணியோ மோரோ ஊத்தி கொஞ்ச நேரம் வச்சா நல்லா குறையும், நம்ம புளிக்குழம்பு இந்த மீனுக்கு இவ்ளோ பொருந்துறதுக்கு காரணமும் இதுதான்.

வெட்டுறப்ப பித்தப்பை உடையாம எடுக்கச் சொல்லுங்க, உடைஞ்சா கசப்பு. இன்னொரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், சுகருக்கு நல்லது, கண்ணுக்கு நல்லதுன்னு சிலர் இந்த பித்தப்பைய பச்சையா முழுங்குறாங்க. கெண்டை வகை மீனோட பித்தத்துல கிட்னிய பாதிக்கிற விஷம் இருக்கு, புல்லு கெண்டை, ரோகு ரெண்டோட பித்தப்பையையும் முழுங்கி கிட்னி செயலிழந்து ஆஸ்பத்திரியில சேந்தவங்க பத்தி மருத்துவ பதிவுகள் இருக்கு, வேகவச்சாலும் அந்த விஷம் போறதில்ல. யாராவது சொன்னா தடுத்துடுங்க.

வெள்ளிக் கெண்டை பத்தி ஒரு வரி போதும், சதை சீக்கிரம் குழஞ்சிடும், முள்ளும் பொடி, உயிரோட கிடைச்சு அன்னைக்கே சமைக்கிறதா இருந்தா மட்டும் வாங்குங்க. முள்ளு பயத்துல ஜிலேபி மீனுக்கு, அதாவது திலாப்பியாவுக்கு போறவங்களயும் நான் குறை சொல்லல, அதுல இந்த பொடி முள்ளு தொந்தரவு இல்லதான். ஆனா குழந்தைக்குத்தான் தேடுறீங்கன்னா மூணு கிலோ கட்லாவுல வயித்துத் துண்டு மட்டும் தனியா போட்டுத் தரச் சொல்லிப் பாருங்க, பெரிய மீன்ல பாதி வாங்குனாலே நிறைய கடையில பிரிச்சுத் தர்றாங்க, முதுகும் தலையும் பெரியவங்க குழம்புக்கு, வயித்துத் துண்டுல விலா முள்ள இழுத்துட்டு அப்படியே சோத்துல பிசைஞ்சு ஊட்டலாம்.