யாழில் சுற்றும் அந்த ‘லைக்கா’வை வாங்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய பிலிம் கமரா தேடித் திரிகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். கறுப்பு நிறத்தில் ஒரு ‘லைக்கா’, அதாவது பெயர்பெற்ற ஜெர்மன் கமரா என்று சொல்லப்படுவது, மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. மலாயா ரெயில்வேயில் வேலைசெய்து பென்சனோடு ஊர் திரும்பிய அப்பப்பா கொண்டுவந்தது, பிள்ளைகள் எல்லாரும் வெளியில், வைத்துப் பார்க்க ஆளில்லை, அருமை தெரிந்த ஒருவருக்குக் கொடுக்கிறோம் என்று ஒரு கதையும் கூடவே வருகிறது. அது லைக்கா இல்லை. கொஞ்சக் காலம் முன்புவரை அது என் அலுமாரியில் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்; பாதிக் காசுதான் கைக்கு வந்தது. இப்போது அதே படங்களோடு, என்னிடம் வாங்கியதைவிட விலையைக் கூட்டி விளம்பரம் ஓடுகிறது.

இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கிக் குவியம் பார்க்கும் ரேஞ்ச்பைண்டர் கமராக்களில் பைத்தியம் பிடிக்காதவர்களுக்கு இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு காசு என்று தோன்றும். எனக்கு அது மாமா வீட்டில் கிடந்த யாஷிகா எலெக்ட்ரோ 35இல் தொடங்கியது. கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். நல்லூர்க் கோபுரத்தைப் பார்த்தால் அந்தக் கட்டத்துக்குள் கோபுரம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒன்று மற்றதை நோக்கி நகர்ந்து வந்து, சட்டென்று ஒரே கோபுரமாகும். அந்த நொடிதான் ஆளை விழுத்துவது. அப்புறம் ஒரு கனொனெட், ஒரு மினோல்டா ஹைமட்டிக், ஒரு ஸோர்க்கி 4 என்று வரிசையாக வந்து சேர்ந்தன. “இதுகள் படம் எடுக்கவோ, அடுக்கி வைக்கவோ?” என்று அம்மா கேட்டா. இரண்டுக்கும்தான்.

இப்படிச் சேர்க்கத் தொடங்கியவர் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் லைக்கா பக்கம் போய் நிற்பார். சினிமாவுக்கு ஓடும் 35 மில்லிமீற்றர் பிலிமைக் கையடக்கக் கமராவுக்குள் போடலாம் என்று ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் ஒஸ்கார் பார்னாக் காட்டிய பிறகுதான் மற்ற எல்லாம். முதல் லைக்கா 1925இல் கடைக்கு வந்தது. ரேஞ்ச்பைண்டரை உள்ளேயே பொருத்திய லைக்கா II, 1932இல். எனக்கு விற்கப்பட்டது அந்த இரண்டாம் மாடல் என்றுதான் பேச்சு.

விற்றவர் பெயரையோ ஊரையோ இங்கே எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பட்டணத்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சந்தித்தோம். இருட்டத் தொடங்கும் மைம்மல் நேரம்தான் அவருக்கு வசதி என்றார். தோலுறையைத் திறந்ததும் நெஞ்சு ஒருமுறை அடித்தது உண்மை. மூலைகளில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை மினுங்கியது. மேல்தகட்டில் லைக்காவின் சாய்ந்த எழுத்து, அதன் கீழே வெட்ஸ்லார். லென்ஸில் எல்மார் என்று லைக்கா லென்ஸின் பெயர் பொறித்திருந்தது. லென்ஸைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி, கனகாலம் கழட்டாமல் இறுகிப் போச்சு. பலவந்தம் பண்ணினால் நூல் போயிடும். படம் நல்லா வரும், நீங்கள் எடுத்துப் பாருங்கோவன்.”

இந்த ‘எடுத்துப் பாருங்கோவன்’ என்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. டிஜிட்டல் கமரா என்றால் அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். பிலிம் அப்படியில்லை. ஒரு ரோல் முடிய வேண்டும், கலர் என்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் கழுவி ஸ்கான் செய்து அனுப்ப வேண்டும். ஒரு காலத்தில் சந்திக்குச் சந்தி இருந்த கலர் லாப்கள் இப்போது எங்கே? கமராவின் கோளாறு உங்களுக்குத் தெரியவரும்போது விற்றவருக்கு உங்கள் முகமே மறந்திருக்கும். ‘அண்டைக்கு நல்லாத்தானே இருந்தது, நீங்கள் விழுத்தினீங்களோ தெரியாது’ என்று சொல்ல அவருக்குத் தாராளமாக அவகாசம் கிடைக்கிறது. பழைய பிலிம் கமரா விற்பதில் ஏமாற்றுகிறவர்கள் எல்லாரும் நம்பியிருப்பது இந்தத் தாமதத்தைத்தான்.

என் ரோலும் வந்தது. ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ அதே இடத்தில் வெள்ளைப் புள்ளிகள். இது ஷட்டர் துணியில் ஓட்டை. இந்த வகைக் கமராக்களில் ஷட்டர் என்பது ரப்பர் பூசிய துணித்திரை. லென்ஸ் மூடி இல்லாமல் வெயிலைப் பார்த்து வைத்தால், லென்ஸ் சூரியனைக் குவித்து அந்தத் துணியைச் சுட்டுவிடும். நம் ஊர் வெயிலுக்கு அதிக நேரம் தேவைப்படாது. துணி மாற்றலாம், அது பெரிய பிரச்சினை இல்லை என்று நினைத்து, முன்பு ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன்.

அவர் இறுகிய லென்ஸைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி, லென்ஸைச் சுற்றிப் பிடித்து ஒரு திருகு. கழன்றுவிட்டது. நூல்களுக்கிடையே காய்ந்த பசை உதிர்ந்தது. உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இது ரஷ்யன்.”

இதை விளங்கிக்கொள்ளுங்கள், இனி எவரும் உங்களை இந்த விஷயத்தில் இலகுவில் பேய்க்காட்ட முடியாது. லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்விளிம்பு முன்னும் பின்னும் நகரும். கமராவுக்குள் ஒரு சின்னக் கை அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கையின் அசைவுதான் கண்ணாடியைத் திருப்பி, நாம் பார்க்கும் இரண்டாவது பிம்பத்தை நகர்த்துகிறது. உண்மையான லைக்காவில் அந்தக் கையின் நுனியில் உருளும் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அதைப் பார்த்துச் செய்த சோவியத் ஃபெட், ஸோர்க்கி கமராக்களில் பெரும்பாலும் சக்கரம் இல்லை, ஆப்பு வடிவத்தில் ஒரு உலோகத் துண்டுதான். என்னுடையதில் இருந்தது ஆப்பு. மேல்தகட்டில் என்ன எழுத்தை வேண்டுமானாலும் வெட்டலாம், இதை மாற்றுவதற்கு இந்தப் போலிக்காரர்கள் பெரும்பாலும் மினக்கெடுவதில்லை. லென்ஸ் ‘இறுகியிருந்ததன்’ காரணமும் அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியால் பார்த்தேன். குமிழ்கள், விளிம்புகள், திருகாணித் தலைகள் எல்லாம் வழவழவென்று தேய்ந்திருக்க, பொறித்த எழுத்துகளின் ஓரம் மட்டும் நகத்தில் இடறும் அளவுக்குக் கூராக இருந்தது. தொடரிலக்கத்தை லைக்காவின் பட்டியலில் தேடினால் அது வேறொரு மாடலுக்குரியது. அந்தப் பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது.

ஃபெட் ஒன்றும் மட்டமான கமரா இல்லை, அதையும் சொல்லவேண்டும். உக்ரேனின் கார்கிவில், கல்வியாளர் மகரென்கோ நடத்திய அநாதைச் சிறுவர் கம்யூனில் 1934இல் லைக்கா II ஐப் பார்த்துச் செய்யத் தொடங்கியது அது. கம்யூனுக்குச் சூட்டியிருந்த, சோவியத் இரகசியப் பொலிஸைத் தொடங்கிய ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள்தான் (F, E, D) ஃபெட். போருக்குப் பிறகு மொஸ்கோவுக்கு அருகே கிராஸ்நோகோர்ஸ்கில் 1948இலிருந்து ஸோர்க்கி. அந்தக் கமராவை அதன் சொந்தப் பெயரில், அதற்குரிய விலையில் தந்திருந்தால் நான் பேரமே பேசாமல் வாங்கியிருப்பேன். கனபேர் இப்படியான கமராக்களுக்குத் தங்கம் பூசி, ஜெர்மன் விமானப்படைச் சின்னம் வெட்டி விற்கிறார்கள். அவை பார்த்தவுடனே தெரியும். எங்களுடையவர் கெட்டிக்காரர், எதையும் கூட்டவில்லை. வெறும் லைக்கா, அதோடு ஒரு மலாயன் பென்சனியர். யாழ்ப்பாணத்தில் அந்தக் கதையை எவர் சந்தேகிப்பார்? அப்படியான அப்பப்பா பாதி வீடுகளில் இருந்திருக்கிறார்.

தொலைபேசியில் கேட்டபோது வந்த பதிலை அப்படியே தருகிறேன்.

“அண்ணை, அது லைக்கா இல்லை.”

“தம்பி, நான் லைக்கா எண்டு சொன்னனானோ? அதில எழுதியிருக்கு எண்டுதானே சொன்னனான்.”

பிறகு சத்தம் போட்டு, பொதுவான ஒருவரை நடுவில் வைத்துக் கதைத்து, கமராவைத் திருப்பிக் கொடுத்தேன். பாதி அன்று, மீதி வாற மாதம். அந்த மாதம் வந்து போய்விட்டது. என் இலக்கத்தையும் தடைசெய்துவிட்டார்.

லைக்கா எல்லாருக்கும் வராது. ஆனால் யாஷிகா எலெக்ட்ரோவில் நடக்கும் விளையாட்டு இங்கே தினமும் நடக்கிறது. ‘பற்றரி போட்டால் வேலை செய்யும்’ என்று எழுதியிருந்தால், பற்றரி போட்டுப் பார்த்து வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கமராவில் பற்றரி இல்லாவிட்டாலும் ஷட்டர் சொடுக்கும், எப்போதும் ஐந்நூறில் ஒரு செக்கனில். அதைக் காட்டித்தான் ‘பாருங்கோ, அடிக்குது’ என்பார்கள். அதற்கென்று வந்த 5.6 வோல்ட் பாதரச பற்றரி இப்போது இல்லை. ஒரு தாங்கியோடு 6 வோல்ட் பற்றரி போட்டால் போதும், கையோடு கொண்டுபோங்கள். மேலே சிவப்பு, மஞ்சள் விளக்குகள் எரிகின்றனவா, வெளிச்சத்தைக் கையால் மறைத்தால் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிலிம் சுற்றும் நெம்பை இழுக்கும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளிருக்கும் சின்ன ரப்பர் துண்டு கரைந்துவிட்டது. ஒளியளவு ஒருநாளும் சரியாக வராது. திருத்தலாம், ஆனால் விலையில் அதைக் கழிக்க வேண்டும்.

‘உள்ளுக்குக் கொஞ்சம் தூசி, ஊதினால் போயிடும்’ என்றால் அது தூசி இல்லை, பூஞ்சணம். மாரி காலத்து ஈரத்தில், தோலுறைக்குள் பூட்டி வைத்த லென்ஸில் நூல்நூலாகப் படரும். பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் பி நிலையில் ஷட்டரைத் திறந்து பிடித்து, பின்னாலிருந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். மைம்மலில் சந்திக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சேர்விஸ் என்று சொல்கிறவர்களிடமும் கவனம். என் கனொனெட்டில் ஷட்டர் துணியில்லை, மெல்லிய உலோக இதழ்கள். அவை ஒட்டியபோது, பட்டணத்தில் ஒருவர் பத்து நிமிடத்தில் சரிசெய்து காசும் வாங்கினார். டின்னில் வரும் ஸ்பிறே எண்ணெயை அடித்திருக்கிறார். அந்த இதழ்கள் எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்ந்திருந்தால்தான் ஓடும். சில நாள் அருமையாக ஓடி, எண்ணெய் பரவி, முன்பைவிட மோசமாக ஒட்டிக்கொண்டது. பிறகு கொழும்பில் முழுதாகக் கழற்றித்தான் துடைக்க வேண்டியிருந்தது, செலவு இரட்டிப்பு.

படம் வரும்வரை காத்திருக்கும் அந்தத் தாமதத்துக்கு நான் இப்போது வைத்திருக்கும் மருந்து கறுப்பு வெள்ளைப் பிலிம். வாங்கிய அன்றே ஒரு துண்டு ஹெச்பி5 பிலிமைப் போட்டு, பக்கத்தில் ஒரு முகம், தூரத்தில் ஒரு தொலைபேசிக் கோபுரம், சுவர் ஒன்று என்று எடுத்து, இரவே வீட்டில் கழுவிவிடுகிறேன். பிலிம் கழுவும் மருந்துக் கரைசல் 20 பாகை செல்சியஸில் இருக்க ஐஸ்கட்டி வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், காய்ந்தால் பிலிமில் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு வாகன பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் நல்லது. விடியும்போது கமரா எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். விற்றவருக்கும் நேற்று நடந்தது ஞாபகமிருக்கும்.

விளம்பரத்தில் உள்ள அந்தக் கறுப்புக் கமராவை அடையாளம் காண: கீழ்த்தகட்டில் பூட்டுக்குப் பக்கத்தில் அரைவட்டமாக ஒரு கீறல், தோலுறையின் பித்தளைப் பொத்தான் ஒன்று இல்லை. ஏற்கெனவே முற்பணம் கட்டியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். யாழ் நகரத்துக்குள் என்றால் ரோர்ச்சும் சைக்கிள் ரியூப் துண்டும் கொண்டு நானே வருகிறேன், காலை வெளிச்சத்தில்.