ராணி ரூபாயா, திப்பு ரூபாயா, காந்தி பத்து ரூபாயா?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வெள்ளிக் கடை. அத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஏழு ரூபாய்களையும் கடைக்காரர் ஒரே கொத்தாகத் தராசில் கொட்டினார். வருஷம் பார்க்கவில்லை, யார் தலை என்றும் பார்க்கவில்லை. “எந்த ராஜா தலையா இருந்தா என்னங்கம்மா, வெள்ளி வெள்ளிதான்.” உருக்குகிற தொழிலுக்கு அது நியாயமான பேச்சு. சேர்க்க நினைக்கிறவருக்கு அந்தப் பேச்சு ஆகாது.

பழைய பாரமகால் சீமையான நம் பக்கத்தில், வெள்ளிக் காசு சேர்க்க ஆசைப்படுகிறவர் முன் பெரும்பாலும் மூன்று வகை வந்து நிற்கும். வெள்ளைக்கார ராணி, ராஜா தலை போட்ட ரூபாய். திப்பு சுல்தான் ரூபாய். 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய்.

முதலில் எடைக் கணக்கை முடித்துவிடலாம். ராணி ரூபாய் 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். சுத்த வெள்ளி என்று பார்த்தால் 10.69 கிராம். காந்தி பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம். சுத்த வெள்ளி 12 கிராம். ஆக, உருக்கினால் ராணியை விடக் காந்தித் தாத்தாவுக்குத்தான் மவுசு. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் கவனம் வேண்டும். பார்வைக்கும் எடைக்கும் பழைய ரூபாய் மாதிரியே இருக்கும், ஆனால் போர்க்காலச் சிக்கனத்தில் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள்.

காந்தி நாணயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதில் அடித்த வருஷமே கிடையாது, ‘1869-1948’ என்றுதான் இருக்கும். அதைக் காட்டி “நாப்பத்தெட்டுல அடிச்சது சார், சுதந்திரம் வந்த புதுசு” என்று விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. வெள்ளி விலைக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

திப்பு ரூபாய்தான் மனசை இழுக்கும். சையத் பாஷா மலைக் கோட்டையைத் தினமும் அண்ணாந்து பார்க்கிற ஊர்க்காரனுக்கு இழுக்காமல் இருக்குமா? 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாரமகால் திப்பு கையை விட்டுக் கம்பெனிக்குப் போனது. இரட்டை ரூபாய்க்கு ஹைதரி, ஒரு ரூபாய்க்கு இமாமி என்று காசுக்கே பெயர் வைத்த மனிதர் அவர். காசில் தலை கிடையாது, முழுக்கப் பாரசீக எழுத்து. பிற்காலக் காசுகளில் வருஷத்தின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அங்கேதான் புதியவர் மாட்டுவார். எழுத்தைப் படிக்கத் தெரியாமல் வாங்கினால் அசலுக்கும் வார்ப்புப் போலிக்கும் வித்தியாசம் தெரியாது. “நிலத்தை உழும்போது கிடைச்சது” என்று யாராவது நீட்டினால் கையிலேயே தொடாதீர்கள். மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துச் சட்டம். என் கட்சி, திப்புவைக் கடைசியில் வாங்குங்கள்.

மிச்சம் ராணி, ராஜா ரூபாய். ஆரம்பிக்க இதுதான் தோது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ளலாம். பழசு என்றால் விலை அதிகம் என்ற நினைப்பை முதலில் உடைப்பதும் இதுதான். 1862 என்று போட்ட ராணி ரூபாய் 1862-ல் அடித்ததாகவே இருக்க வேண்டியதில்லை. 1874 வரை அதே வருஷத்தைப் போட்டே அடித்தார்கள். 1918 ரூபாயோ ஊருக்கெல்லாம் கிடைக்கும். முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வர, அமெரிக்கா சுமார் 27 கோடி டாலர் நாணயங்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பங்கு இங்கேதான் வந்து ரூபாயானது. அதை விட 21 வருஷம் இளைய 1939 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை. உருக்கியது போகத் தப்பியவை அவ்வளவு குறைவு. போலியும் அதே அளவுக்கு மலிந்து கிடப்பதால், நிபுணர் பார்த்து உறுதி சொல்லாமல் காசை நீட்டக் கூடாது.

விலையில் இந்த இரண்டுக்கும் நடுவில் 1911 ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மார்புச் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கை குட்டையாகிப் போய், பார்க்கிறவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட, வெளியிடாமல் இருந்ததை உருக்கிவிட்டு, 1912-ல் தும்பிக்கையை நீட்டி அடித்தார்கள்.

வருஷம் சரியாக இருந்தாலும் காசின் முகம் கெட்டிருந்தால் விலை பாதாளத்துக்குப் போகும். அத்தை வெள்ளிக்கிழமை தோறும் விபூதி போட்டுத் தேய்க்கிற ஆள். “கருத்துக் கெடந்துச்சு கண்ணு, பளபளன்னு ஆக்கிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது. நூறு வருஷம் படிந்த அந்தக் கருப்புக்குத்தான் சேகரிப்பவர் பணம் கொடுக்கிறார். தேய்த்ததில் ராஜாவின் தாடி ரோமம்கூட மழுங்கிப் போயிருந்தது.

தராசுத் தட்டிலிருந்த ஏழையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று 1918, இரண்டு 1917, ஒன்று 1942. ஏழாவதில் யானைக்குத் தும்பிக்கை குட்டை. தலைக்கு மேலே வளையம் பற்றவைத்த ஈயத் தழும்பு; பாட்டி கழுத்தில் கிடந்த காசு. சேகரிப்பவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்று அத்தையிடம் சொன்னேன். “அப்ப அது நமக்குத்தான்” என்று அதை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மற்ற ஆறுக்கும் எடை போடச் சொன்னார்.